மீனைக் கொல்லும் சுத்தம்

“அண்ணே, நேத்துதான் தொட்டியை மொத்தமா கழுவிப் புதுத் தண்ணி ஊத்தினேன். பளிச்சுனு இருக்கு. காலையில பார்த்தா ரெண்டு மீன் மிதக்குது!”

வண்ண மீன் விற்பவர்களுக்கு இந்தப் புலம்பல் பழகிப்போன ஒன்று. புலம்புகிறவர் சோம்பேறியாக இருக்கமாட்டார். ஞாயிறு தவறாமல் மீன்களைப் பிடித்து வாளியில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அழுக்கு போகும்வரை பிழிந்து எடுப்பவராகவே இருப்பார். தொட்டியில் கைவைத்தே பல வாரங்களான இன்னொருவர் வீட்டிலோ, பாசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள் கொழுத்துத் திரியும். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. முதலாமவர் ஒவ்வொரு வாரமும் தன் தொட்டியின் மிக முக்கியமான குடிகளைச் சாக்கடையில் கழுவி விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குடிகள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

மீனின் கழிவு என்றதும் அடியில் விழுந்து கிடக்கும் பழுப்புத் துணுக்குகள்தான் நினைவுக்கு வரும். உண்மையான விஷம் அதுவல்ல. தின்ற புரதத்தில் உடம்புக்கு வேண்டாத நைட்ரஜனை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக நீரில் கலந்துவிடுகிறது. அதற்கு நிறமில்லை. மீனைத் திணறடிக்கும் அளவு சேர்ந்த பிறகும் நம் மூக்குக்கு எட்டுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1 கிராம் உணவு போடுகிறோம். அதில் 40 சதவீதம் புரதம். மீன் பண்ணைகளில் வழங்கும் கணக்குப்படி, இதிலிருந்து ஏறத்தாழ 37 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். அதாவது லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கும் சற்று மேல். எதுவும் அதை அகற்றாவிட்டால் ஒரே வாரத்தில் 5 மில்லிகிராம். இவ்வளவும் ஒரு கிராம் உணவுக்கு! மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் பசி என்று நினைத்து டப்பாவைக் கவிழ்க்கும் வீடுகளில் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

அம்மோனியா எல்லாமே ஒரே அளவு கொல்வதில்லை. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று கொடியது, மற்றது ஓரளவு சாது. எது எவ்வளவு என்பதை நீரின் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 ஆக இருந்தால் கொடிய வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். மீனுக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு. வெதுவெதுப்பான, கடினமான போர் தண்ணீரைப் புழங்கும் ஊர்களில் மீன் வளர்ப்பவர்கள் தொடக்கத்திலேயே பாதகமான பக்கத்தில் நிற்கிறார்கள்.

முழுத் தொட்டியையும் ஒரே நாளில் மாற்றுவதன் ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நெடுநாள் மாற்றாத தண்ணீரில் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போய், பிஎச் 6 வரைகூட இறங்கியிருக்கும். சேர்ந்துள்ள அம்மோனியா அந்த நீரில் சாது வடிவில் அடங்கிக் கிடக்கும். திடீரென்று பாதித் தொட்டி போர் தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறும். மீதமிருக்கும் அம்மோனியா கொடிய வடிவுக்கு மாறும். முழுவதுமாக மாற்றினாலோ, பழைய நீருக்குப் பழகிய மீன் முற்றிலும் வேறொரு நீரில் போய் விழுகிறது. இரண்டில் எது நடந்தாலும் தண்ணீர் மட்டும் பளிச்சென்றுதான் இருக்கும்.

சரி, அந்த நுண்ணுயிர்களிடம் வருவோம். இந்தக் கதையில் லண்டனைச் சேர்ந்த ஓர் அப்பாவும் பிள்ளையும் இருக்கிறார்கள். இருவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். அப்பா வேதியியலாளர். சுமார் 12 கேலன் பிடிக்கும் கண்ணாடிக் கலனில் பாதியளவு ஊற்றுநீர் விட்டு, அடியில் மணலும் சேறும் கற்களும் இட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்நீரியா என்ற நீர்த்தாவரத்தையும் வைத்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியதும், அந்த அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். அதன்பின் நீர் தெளிந்து நின்றது. மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, கழிவு நத்தைக்கு என்று ஒரு சமநிலையை விளக்கி 1850-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வீட்டு மீன் தொட்டி என்ற மோகமே விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பற்றிக்கொண்டது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கூடமே திறந்தார்கள்.

அப்பாவின் கணக்கில் ஒரு பங்காளி விடுபட்டிருந்தது. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. அவர் தொட்டி வைத்தபோது மகனுக்குச் சுமார் 11 வயது. அந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, மண்ணில் அம்மோனியா எப்படி நைட்ரேட்டாகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், நைட்ரைட் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது, இரண்டையும் செய்பவை வெவ்வேறு உயிரிகள் என்று கண்டார். ஆனால் அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ரஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அதைச் செய்துகாட்டிப் புகழைத் தட்டிச் சென்றார். அப்பாவின் தொட்டி எப்படி நிலைத்தது என்பதற்கான மீதி விடை, மகன் தோண்டிக்கொண்டிருந்த வயல் மண்ணில் இருந்திருக்கிறது.

அதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நூறாண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள். மீன் தொட்டி நூல்களிலும் வினோகிராட்ஸ்கி பிரித்த நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களே திரும்பத் திரும்ப அச்சாயின. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிமோதி ஹோவானெக், எட்வர்ட் டிலாங் ஆகியோர் மரபணு முறையில் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, நைட்ரைட்டை மாற்றும் வேலையில் நைட்ரோபாக்டரைக் காணவில்லை; நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு கூட்டம் அங்கே உட்கார்ந்திருந்தது. 2011-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர், பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாவை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறு உயிர்வகையே செய்வதாகக் கண்டார்கள். 2015-ல் இன்னும் பெரிய வியப்பு. இரண்டு கட்டங்களையும் தனியொருவனாகவே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பது தெரியவந்தது. அவற்றைக் கண்டுபிடித்த இரு குழுக்களில் நெதர்லாந்தின் நைமேகன் குழுவுக்கு அவை கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டர். உலகம் கற்றதில் ஒரு பங்கு மீன் அழுக்கிலிருந்து வந்ததுதான்.

இந்த உயிர்களின் குணம் தெரிந்தால் தொட்டிப் பராமரிப்பில் முக்கால்வாசி புரிந்துவிடும். இவை நீரில் மிதந்து திரிவதைவிட ஏதாவதொரு பரப்பில் ஒட்டி வாழவே விரும்புகின்றன. அதனால் தண்ணீரை மாற்றினால் பெரிய இழப்பில்லை. ஸ்பாஞ்சையும் கல்லையும் தேய்த்துக் கழுவினால்தான் குடியே போகும். பெருகுவதில் படு மெத்தனம். குடலில் வாழும் ஈ.கோலை சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதுத் தொட்டி நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பது அதனால்தான். ஆக்சிஜன் இவற்றுக்கு ஏராளமாக வேண்டும்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன். நீரின் காரத்தன்மையையும் தின்று தீர்க்கும். குளோரின் பட்டால் செத்துவிடும்.

இப்போது குழாயடியில் ஸ்பாஞ்சு பிழிந்தவரை நினைத்துப் பாருங்கள். மெட்ரோ தண்ணீரில் இருக்கும் குளோரின், நோய்க்கிருமிகளைக் கொல்லவே அதில் கலக்கப்பட்டது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. ஸ்பாஞ்சை அலசத்தான் வேண்டும். அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். ஆனால் தொட்டியிலிருந்தே ஒரு குவளை பழைய தண்ணீரை வாளியில் எடுத்து, அதில் இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். பழுப்பு நிறம் போகவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஃபில்டரையும் கற்களையும் ஒரே நாளில் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் ஃபில்டர் வாங்கப் போனால் தலை சுற்றும். தொட்டியின் மேல் படுத்திருக்கும் டாப் ஃபில்டர், விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன், உள்ளே மூழ்கிக் கிடக்கும் இன்டர்னல், கீழே அலமாரிக்குள் வைக்கும் கேனிஸ்டர் என்று வரிசைகட்டும். எல்லாமே மூன்று வேலைகளின் கலவைதான். பஞ்சு, கண்ணுக்குத் தெரியும் துகளைப் பிடிக்கும். செராமிக் வளையங்களும் பயோ பால்களும் நுண்ணுயிர் குடியிருக்க இடம் தரும். கார்பன், மருந்துச் சாயத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும்; அம்மோனியாவை அது தொடாது, சில வாரங்களில் நிரம்பியும் விடும். மீனுக்கு மருந்து போடும்போது கார்பனை எடுக்க மறந்தால் மருந்துக் காசு வீண். மோட்டார் ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப் போல நாலைந்து மடங்கு நீரைச் சுற்றினால் போதும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, பஞ்சு எதுவும் வைக்காமல் எடுத்தது என்பதை மட்டும் மனதில் கொள்ளவேண்டும்.

சென்னை கொளத்தூர், வண்ண மீன் உற்பத்திக்கும் வியாபாரத்துக்கும் நாடறிந்த பகுதி. சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. அரசும் இந்தத் தொழிலை நம்பி அங்கே தனி வர்த்தக மையத் திட்டத்தைக் கையிலெடுத்தது. இத்தொழிலில் இருப்பவர்கள் நம்புவது பளபளக்கும் கேனிஸ்டர்களையல்ல. காற்றுக் குழாயில் குமிழியிடும் சாதாரண ஸ்பாஞ்சு ஃபில்டர்தான் குஞ்சுத் தொட்டிகளில் ஓடும். விலை குறைவு, குஞ்சு மீனை உறிஞ்சாது, ஒரே பெரிய காற்று மோட்டாரிலிருந்து பல தொட்டிகளுக்குக் குழாய் பிரித்துவிடலாம், ஸ்பாஞ்சின் துளைகள்தோறும் நுண்ணுயிர் அப்பிக்கொள்ளும். வீட்டுக் கூடத்தில் அழகு கொஞ்சம் குறையும்தான். மீனிடம் கேட்டால் அது ஸ்பாஞ்சையே தேர்ந்தெடுக்கும்.

வெட்டவெளி சிமென்ட் தொட்டிகளில் தங்கமீன் வளர்ப்பவர்கள் நீர் பச்சையாவதைப் பற்றியும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. பச்சை என்பது ஒற்றைச் செல் பாசி. அது அம்மோனியாவை உணவாக இழுத்துக்கொள்கிறது. வரவேற்பறையில் பச்சைத் தண்ணீர் விருந்தினருக்கு அசிங்கமாகத் தெரியலாம். சன்னல் வெயிலிலிருந்து தொட்டியைத் தள்ளி வைத்து, விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். வைத்துச் சில நாளேயான தொட்டியில் நீர் பால்போல் வெளுப்பது வேறு விஷயம். அது பாக்டீரியாப் பெருக்கம், தானாகத் தெளியும். பதறிப்போய்த் தொட்டியையே கழுவி முழுத் தண்ணீரையும் மாற்றுகிறவர்கள் ஆறு வாரக் காத்திருப்பைத் தேவையில்லாமல் நீட்டிக்கொள்கிறார்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பது தமிழ்நாட்டில் தனி ஆராய்ச்சி. சென்னையில் ஏரி நீர், வீராணம் நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சுத்திகரித்த கடல்நீர் என்று பகுதிக்குப் பகுதி மூலம் மாறுகிறது. இவற்றின் உப்புச் செறிவும் ஒன்றல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீரே பலருக்கு விதி என்றானது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்துவைத்து ஏர் ஸ்டோன் போட்டுவிட்டால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமென்றால் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்ற பெயரில் விற்கும் மருந்து உண்டு. பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்தான்.

போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டு பயந்து, கேன் தண்ணீருக்கும் வீட்டு ஆர்ஓ தண்ணீருக்கும் மாறுபவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அந்த நீரில் காரத்தன்மை ஏறக்குறைய இருக்காது. நுண்ணுயிர்கள் இருந்த கொஞ்சத்தையும் தின்று தீர்த்ததும் பிஎச் சரிந்து, அவற்றின் வேலையே நின்றுபோகும். ஆர்ஓவோடு பாதி குழாய்த் தண்ணீர் கலப்பது பாதுகாப்பு. கப்பி, மாலி போன்றவை கடினமான நீரிலேயே குஷியாக வாழும். உள்ளூர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது, மீனுக்கு ஏற்பத் தண்ணீரைத் தயாரிப்பதைவிட மலிவு.

ஆர்ஓ விற்பனையாளர்கள் புண்ணியத்தில் டிடிஎஸ் மீட்டர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தொட்டியில் முக்கி, எண் குறைவாக வந்ததும் நிம்மதியடைகிறார்கள். அந்தப் பேனா காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான். அம்மோனியா 5 மில்லிகிராம் ஏறினாலும் அதன் எண்ணில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. காசு செலவழிப்பதாக இருந்தால், சொட்டு விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனைப் பெட்டியில் செலவழிக்கலாம். நிலைப்பட்ட தொட்டியில் இரண்டும் பூஜ்ஜியம் காட்டவேண்டும். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகும். ஏரேட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மீன் மேலே வந்து திணறும். அப்போது கொஞ்சம் கல் உப்பு கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை. செடிகளும், வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடுவது சமவெளியில் சகஜம். நீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 32-ல் 7 சொச்சம்தான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். குளிர்ந்த நீரையே விரும்பும் தங்கமீன் ஊட்டியில் சௌகரியமாக இருக்கும், வேலூரில் பாடுபடும். தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் நீரை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவது இங்கே சரியானது. போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கரண்டு போனால்? 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் பல பகுதிகளை நாட்கணக்கில் இருளில் தள்ளியது. அந்த மாதிரி நேரத்தில் முதலில் செய்யவேண்டியது உணவை நிறுத்துவது. பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்பு இப்போது கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் குவளையால் நீரை மொண்டு, அரையடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றலாம். மூடிய கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் அழுகத் தொடங்கும். கரண்டு வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த அழுகல் நீர் முழுதும் மீன்மேல் கொட்டும். திறந்து, தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் இயக்கவேண்டும்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்கமீனை விட்டு மேசையில் வைக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. ஃபில்டர் வைக்க இடமில்லாத, நீர்ப்பரப்பு குறுகிய அந்தக் கிண்ணத்துக்கு இத்தாலியில் மோன்சா நகரம் 2004-லும் ரோம் 2005-லும் தடை விதித்தன. 1956-ல் இங்கிலாந்துச் சந்தை ஒன்றில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் உயிரோடிருந்ததை நினைத்தால், ஆறு மாதத்தில் மீனைப் புதைப்பது இயற்கை என்று சொல்லிக்கொள்வது கஷ்டம். ஃபைட்டர் மீன் சின்ன ஜாடியில் பிழைப்பது, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால். மூச்சுக்கு அது காற்றை வாங்கிக்கொள்ளும். அம்மோனியாவிடமிருந்து தப்ப வழியில்லை.

‘டேங்க் கிளீனர்’ என்று கடைக்காரர் கையில் திணிக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். கண்ணாடிப் பாசியை அது சுரண்டும்; தின்றதைக் கழிவாக அதே தண்ணீரில்தான் விடும். அடிக்கணக்கில் வளரும். இடம் போதாமல் மனமிரங்கி ஏரியில் விட்டவர்களின் உபயத்தில், தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு அந்த ஆறு வாரத்தைச் சுருக்க ஒரு வழி உண்டு. புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாக் கரைசலைவிட அது நம்பகமானது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், அவர் ஃபில்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் பாதியை ஈரம் காயாமல் வாங்கிவந்து புதிய ஃபில்டருக்குள் வைத்துவிடுவது. தயிருக்கு உறை வாங்குவதுபோலத்தான். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, பரிசோதனைச் சொட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கூட்டலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் மிச்சக் கவலை எல்லாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் உணவில்லாமல் தாங்கும். தாங்காதது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாசத்தை. பாவம், பட்டினி கிடக்கிறதே என்று ஒரே நாளில் அரை டப்பாவைக் கொட்டிவிடும். சாவி கொடுத்துவிட்டுப் போவதென்றால், ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை என்று காகிதத்தில் மடித்து எண்ணிக் கொடுத்துவிட்டு, டப்பாவை பீரோவில் பூட்டிவிடுவது உத்தமம்.